ஒரே ப, ரெண்டு சத்தம்: லியோன்ல நான் பேசின பிரெஞ்சு

பிரான்ஸ்ல இருக்கற லியோனுக்குப் போய் ரெண்டாவது வாரம். ஆபீஸுக்குப் பக்கத்துல ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை, பன்னெண்டரைக்கு மேல போனா இடம் கிடைக்காதுன்னு பன்னெண்டுக்கே போய் உக்காந்துட்டேன். நான் கறி மீன் சாப்பிடமாட்டேன், முட்டை மட்டும் சாப்பிடுவேன், அதனால போர்டுல இருந்த உருளைக்கிழங்கு கிராத்தான கைய காட்டி சொல்லிட்டேன், அது வரைக்கும் நல்லா போச்சு. வேற ஏதாவது வேணுமான்னு சர்வர் கேட்டாரு. ஜில்லுன்னு ஏதாவது குடிக்க வேணும், அதுக்கு என்ன வார்த்தைன்னு நைட்டே என் நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், "புவாஸோன், சில் வூ ப்ளே"ன்னேன். அவரு ஏதோ கேட்டாரு. ஜில்லுன்னு வேணும்கிறதுக்கு "ஃப்ருவா"ன்னேன். அவரு முகம் கொஞ்சம் மாறுச்சு, ஃப்ருவா இல்ல, "ஷோ" தான் இருக்கு, பரவால்லையான்னாரு. ஷோன்னா சூடுன்னு எனக்குத் தெரியும், சரி காபியோ டீயோ ஏதோ ஒண்ணு வரட்டும்னு "வீ, வீ, ஷோ"ன்னுட்டேன்.

வந்தது ஒரு தட்டு. தட்டுல ஆரஞ்சு கலர் சாஸ், அதுல மிதக்குற மாதிரி வெள்ளையா நீளமா ஒரு உருண்டை. பாக்க பனீர் கோஃப்தா மாதிரியே இருந்துச்சு, கரண்டிய வச்சுட்டேன், கிட்ட கொண்டு போறப்பதான் வாசனை வந்துச்சு. அது கெனெல். லியோன் பக்கம் ரொம்ப பிரசித்தம், ப்ரோஷேங்கிற ஆத்து மீன அரைச்சு மாவோட முட்டையோட சேர்த்துப் பிடிக்கிறது, மேல ஊத்துற அந்த நாந்துவா சாஸும் ஒரு வகை ஆத்து எறால்ல செய்யறது. நான் கேட்டது மீன். குடிக்கிறதுக்கான வார்த்தையும் மீனுக்கான வார்த்தையும் பிரெஞ்சுல ஒரே ஒரு சத்தத்துலதான் வித்தியாசப்படுது, குடிக்கிறது "பஸ்"ல வர்ற ப, மீன் "பழம்"ல வர்ற ப. நான் சொன்னது பழம் ப. அதாவது அந்த மனுஷன்கிட்ட "ஜில்லுன்னு மீன் குடுங்க"ன்னு கேட்டிருக்கேன், அவரு "ஜில்லுன்னு இல்லம்மா, சூடாத்தான் இருக்கு"ன்னு நியாயமா பதில் சொல்லியிருக்காரு.

நான் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தத பாத்துட்டு அவரு வந்தாரு. நான் கையால கிளாஸ் பிடிச்சு குடிக்கிற மாதிரி காட்டுனேன். அவருக்கு ஒரு செகண்ட்ல புரிஞ்சு போச்சு, சிரிச்சாரு, ஆனா அந்தச் சிரிப்புல ஏளனம் இல்ல, ரெண்டு வார்த்தையையும் மெதுவா, உதட்ட நல்லா காட்டி, மூணு தடவ சொல்லிக் காட்டினாரு, என்னையும் சொல்ல வச்சாரு. தட்ட எடுத்துட்டுப் போயிட்டு ஆப்பிள் ஜூஸ் கொண்டு வந்தாரு. பில்லுல மீனுக்குக் காசு போடல.

இத இவ்வளவு விலாவாரியா சொல்றதுக்குக் காரணம், 2019ல அங்க இருந்த நாலு மாசமும் நான் பண்ணின தப்புல பாதிக்கு வேர் இந்த ஒரே இடத்துலதான் இருந்துச்சு. என் நோட்டு. நான் பிரெஞ்சு வார்த்தை எல்லாத்தையும் தமிழ் எழுத்துல எழுதி வச்சிருந்தேன். நம்மள்ல நிறைய பேரு புது மொழி கத்துக்கிறப்ப இதத்தான் பண்ணுவோம், நம்ம எழுத்துல இருந்தா கண்ணு டக்குனு படிச்சுடும், அதுல ஒரு தைரியம். ஆனா தமிழ்ல ப-வுக்கு ஒரே எழுத்து, க-வுக்கு ஒரே எழுத்து, த-வுக்கு ஒரே எழுத்து. எங்க எந்தச் சத்தம் வரும்னு இடத்த வச்சு நமக்குத் தானா தெரியும், வார்த்தை முதல்ல வந்தா அழுத்தமா, நடுவுல ஒத்தையா வந்தா மெதுவா. தமிழுக்கு அது போதும், அழகாவும் இருக்கு. பிரெஞ்சுக்கு அது பத்தாது. அங்க முதல் எழுத்துலயே பழம் ப-வும் வரும் பஸ் ப-வும் வரும், மாத்திச் சொன்னா வேற பொருள் வந்து நிக்கும்.

கேக் வாங்கப் போன கதையும் அதேதான். லியோன்ல ரோஸ் கலர் பிரலீன் டார்ட் ஒண்ணு உண்டு, பாதாம சர்க்கரைல உருட்டி ரோஸ் கலர் ஏத்தி, அத உருக்கி ஊத்தி செய்யறது, கண்ணாடிக்குப் பின்னாடி செக்கச்செவேல்னு இருக்கும். என் நோட்டுல கேக்குக்கு "கதோ"ன்னு எழுதியிருந்தேன். கைய காட்டி கதோன்னேன். கடைக்காரம்மா சந்தோஷமா தலையாட்டிட்டு, டப்பால வச்சு, மேல கலர் பேப்பர் சுத்தி, ரிப்பன் கட்டி, ரிப்பன் நுனிய கத்திரிக்கோலால இழுத்து சுருட்டி விட்டு, அஞ்சு நிமிஷம் மெனக்கெட்டு குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, இந்த ஊர்ல ஒரு துண்டு டார்ட்டுக்கே இவ்வளவு மரியாதையான்னு அசந்து போயி ஆபீஸுக்குக் கொண்டு போனேன். யாருக்கு கிஃப்ட்னு எல்லாரும் கேட்டாங்க. கேக்குக்கு "கேஸ் சிலிண்டர்"ல வர்ற க, "தம்பி"ல வர்ற த. கிஃப்ட்டுக்கு "கடை"ல வர்ற க, "தோசை"ல வர்ற த. தமிழ்ல கதோன்னு எழுதினா ரெண்டும் அதுக்குள்ள அடங்கிடும், ஆனா நம்ம வாய் தமிழ் முறைப்படி படிச்சா முதல் எழுத்து கடை க, நடு எழுத்து தோசை த, வர்றது எப்பவுமே கிஃப்ட்தான். நூறு தடவ படிச்சாலும் கேக் வராது.

என் டீம்ல என்னை விட பத்து வயசு மூத்த ஒருத்தங்க, அவங்கதான் அந்த நோட்ட வாங்கிப் பாத்தாங்க. ஒரே எழுத்து எப்படி ரெண்டு சத்தத்துக்கும் போதும்னு அவங்களால நம்ப முடியல, பம்பரம்னு எழுதி மூணு ப-வையும்... இல்ல, அதுல ரெண்டு ப தான், முதல் ப-வையும் ரெண்டாவது ப-வையும் சொல்லிக் காட்டினேன், ரெண்டும் வேறன்னு அவங்களுக்கு உடனே கேட்டுச்சு, எனக்குத்தான் அது வரைக்கும் காதுல விழுந்ததே இல்ல. நாற்பது வயசுக்குப் பக்கத்துல வந்து நம்ம சொந்த மொழியில நாம என்ன சத்தம் போடறோம்னு ஒரு பிரெஞ்சுக்காரங்க சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு நைட்டு உக்காந்து நோட்டு முழுசும் மாத்தினேன். பஸ் ப-வா இருந்தா அடில ஒரு கோடு, கேஸ் க-வா இருந்தா அடில ஒரு கோடு, தோசை த-வுக்கும் அப்படியே. வேற பெரிய முறை எதுவும் இல்ல, அந்தக் கோடு மட்டும்தான். அதுக்கு முன்னாடி பேக்கரில ரொட்டிக்குப் பதிலா "ஒரு குளியல் குடுங்க"ன்னு கேட்டிருந்தேன், ரொட்டி பழம் ப, குளியல் பஸ் ப, வீட்டுக்காரம்மா பாத்ரூம காட்டி சொன்ன வார்த்தைதான் அன்னைக்கு வாயில முதல்ல வந்துச்சு. கோடு போட்டப்புறம் அந்த மாதிரி தப்பு ரொம்பவே கொறஞ்சுது.

நமக்கு சுலபமா வர்ற விஷயங்களும் இருக்கு, இத யாரும் முன்னாடி சொல்லல, சொல்லியிருந்தா பயம் பாதி போயிருக்கும். பிரெஞ்சுல மூக்கால சொல்ற உயிர்ச்சத்தம் உண்டு, இங்கிலீஷ்காரங்க அதுக்கு ரொம்ப கஷ்டப்படுவாங்க. நாம தினமும் அதத்தான பேசறோம். பணம், மரம், படம்னு பேச்சுல சொல்லிப் பாருங்க, கடைசி ம்-முக்கு உதட்ட மூடறதே இல்ல, மூக்குல ஏத்தி விட்டுடறோம். வந்தான், போனான் சொல்றப்பவும் நாக்கு மேல போயி ன்-ன தொடறதில்ல. "போன்"னு நல்லதுக்குச் சொல்ற வார்த்தைய பணம்ல முடியற மாதிரி முடிச்சா அப்படியே வந்துடும். அதே மாதிரி ப, த, க சொல்றப்ப இங்கிலீஷ்ல வர்ற மாதிரி காத்து ஊதக் கூடாது, நாம ஊதறதும் இல்ல. ர மட்டும் தொண்டைல இருந்து வரணும், வரலன்னாலும் நம்ம ர-வ வச்சே அங்க எல்லாருக்கும் புரியுது, அதுக்காக தொண்டைய ரணம் பண்ணிக்க வேண்டாம்.

நம்மகிட்ட இல்லாத உயிர்ச்சத்தத்துல முக்கியமானது ரெண்டு. ஒண்ணு, ஈ சொல்லிக்கிட்டே உதட்ட மட்டும் ஊ-வுக்குக் குவிக்கிற மாதிரி குவிக்கணும். இன்னொண்ணு, ஏ சொல்லிக்கிட்டே உதட்ட ஓ-வுக்குக் குவிக்கணும். இந்த ரெண்டாவத நான் பிடிக்காததால ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னவங்க வீட்டுக்கு ரெண்டு மணி நேரம் லேட்டா போய் நின்னேன். பன்னெண்டுக்கு "தூஸ்", ரெண்டுக்கு "தெ", ஆனா மணியோட சேர்த்துச் சொன்னா தூஸெர், தெஸெர், போன்ல கேக்கறப்ப ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் கேட்டுச்சு. பன்னெண்டரைன்னு அவங்க சொன்னத ரெண்டரைன்னு எடுத்துக்கிட்டேன். போனா டேபிள துடைச்சிட்டு இருக்காங்க. எனக்காக ஒரு மணி நேரம் பசியோட காத்திருந்திருக்காங்க, அந்த வீட்டுக் குழந்தையும்தான், அத நெனச்சா இப்பவும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அதுக்கப்புறம் நேரம் யாரு சொன்னாலும் உடனே விரல் விட்டுக் காட்டுவேன், இல்ல "எழுதித் தர முடியுமா"ன்னு கேப்பேன், "வூ புவே லெக்ரீர்?", இந்த ஒரு வரி நாலு மாசமும் எனக்குச் சோறு போட்டுச்சு. டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ட்ரெயின் பிளாட்ஃபார்ம், வாடகை, எல்லாத்துக்கும் பேப்பரும் பேனாவும் நீட்டினா யாரும் மாட்டேன்னு சொன்னதில்ல.

அந்த முதல் சத்தத்துல நடந்தது வேற. அது வந்துடுச்சுன்னு ஆனதும் எனக்கு ஒரே சந்தோஷம், பாக்கற ஊ எல்லாத்துலயும் அதையே போட ஆரம்பிச்சுட்டேன். ஒரு நாள் கழுத்துப் பிடிச்சுக்கிச்சு. பச்சை கிராஸ் லைட் எரியற ஃபார்மசிக்குப் போயி எனக்கு இங்க வலிக்குதுன்னு சொன்னேன். கழுத்துக்கு "கூ", நம்ம சாதாரண ஊ போதும். நான் உதட்டக் குவிச்சு புது சத்தத்துல சொல்லிட்டேன். அப்படிச் சொன்னா அது பின்பக்கத்துக்குக் கொச்சையா சொல்ற வார்த்தை. வரிசைல எனக்குப் பின்னாடி நாலு பேரு. அந்த ஃபார்மசிக்காரம்மா முகத்துல ஒரு சுருக்கம் கூட இல்லாம, தன் கழுத்தத் தொட்டுக் காட்டி சரியா ஒரு தடவ சொன்னாங்க, நான் திருப்பிச் சொன்னேன், தைலம் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து கூட வேலை பாக்கறவங்களுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டப்பதான் விஷயம் தெரிஞ்சுது. இன்னொண்ணும் அப்பதான் புரிஞ்சுது, "மெர்சி போகூ"ன்னு நன்றி சொல்றப்பவும் ரெண்டு வாரமா அதே சத்தத்துலதான் சொல்லிட்டு இருந்திருக்கேன், "நன்றி, அழகான பின்பக்கம்"னு பஸ் டிரைவர், காய்க்காரர், செக்யூரிட்டி எல்லாருக்கும். புதுசா ஒரு சத்தம் வந்துச்சுன்னா அது எந்த வார்த்தைக்கு வேணுமோ அதுக்கு மட்டும்னு தனியா லிஸ்ட் போட்டு வச்சுக்கங்க. எழுத்துல பாத்தா சுலபம், ஓ-வும் யூ-வும் சேர்ந்து வந்தா நம்ம ஊ, யூ மட்டும் தனியா வந்தா அந்தக் குவிச்ச சத்தம்.

சத்தத்துல பண்ற தப்ப அங்க யாரும் பெருசா எடுத்துக்கல, ஆனா போன்ஜூர்னு வணக்கம் சொல்ற விஷயத்துல அப்படி இல்ல. முதல் வாரம் ஒரு கடைக்குள்ள போயி நேரா "எக்ஸ்க்யூஸே முவா, பால் எங்க"ன்னு கேட்டேன். அந்தம்மா பதிலே சொல்லாம என்னைப் பாத்து "போன்ஜூர்"னாங்க. நான் மறுபடி பால் எங்கன்னேன். மறுபடி, இன்னும் அழுத்தமா, "போன்ஜூர்". எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, நம்மள மதிக்கலையோன்னு. அப்படி இல்ல, நான்தான் அவங்கள மதிக்காம உள்ள வந்திருக்கேன். நம்ம ஊர்ல சந்தைக்குப் போனா "அண்ணே, தக்காளி என்ன விலைங்க"ம்போம், அந்த அண்ணேயும் கடைசில வர்ற ங்க-வும்தான் வணக்கம், தனியா வணக்கம் சொல்றதில்ல. பிரெஞ்சுல அண்ணே கிடையாது, ங்க கிடையாது, அந்த வேலை எல்லாத்தையும் போன்ஜூர் ஒண்ணே செய்யுது. கடைக்குள்ள கால் வச்சதும், பஸ்ல ஏறினதும், டாக்டர் வெயிட்டிங் ரூம்ல நுழைஞ்சதும் முதல்ல அது, கூட மெஸ்யூவோ மதாமோ சேர்த்துட்டா இன்னும் நல்லது, சாயங்காலம் ஆனா போன்சுவார், கிளம்பறப்ப போன் ஜூர்னே. இத ஒழுங்கா பண்ண ஆரம்பிச்சதும் அதே கடைல அதே அம்மா எனக்காக அலமாரி வரைக்கும் நடந்து வந்து பால எடுத்துக் குடுத்தாங்க, இத்தனைக்கும் என் பிரெஞ்சு அப்படியேதான் இருந்துச்சு.

அண்ணே இல்லாத ஊர்ல அண்ணே போடப் போயி ஒரு பெரியம்மாவ நோகடிச்சுட்டேன். நான் தங்கியிருந்தது லியோன ஒட்டி இருக்கற வில்லூர்பான்ல, மூணாவது மாடி. ரெண்டாவது மாடில எண்பதுக்குப் பக்கத்துல வயசு இருக்கும் ஒருத்தங்க தனியா இருந்தாங்க. படில பாத்தப்ப நம்ம பாசத்துல "போன்ஜூர், க்ரான் மேர்"னேன், வணக்கம் பாட்டின்னு. அவங்க நின்னாங்க, நான் உன் பாட்டி இல்லன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. அங்க முன்னப்பின்ன தெரியாதவங்கள பாட்டின்னா உனக்கு வயசாயிடுச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. அடுத்த நாள் அவங்க கதவத் தட்டி, எனக்குத் தெரிஞ்ச அரைகுறைல, எங்க ஊர்ல வயசானவங்கள பேரு சொல்லிக் கூப்பிடறது தப்பு, பாட்டின்னா மரியாதைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் உங்க மொழில அத எப்படிச் சொல்வீங்கன்னு கேட்டாங்க. அன்னைல இருந்து அவங்களுக்கு நான் "பாட்டி"தான் சொன்னேன், தமிழ்லயே, அதுக்கு மட்டும் அவங்க ஒண்ணும் சொல்லல.

நீ, நீங்க வித்தியாசம் பிரெஞ்சுலயும் உண்டு, த்யூ, வூ. இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்க இதுல தடுமாறுவாங்க, நமக்கு ரத்தத்துலயே இருக்கு. ஆனா நான் கொங்குக்காரி. எங்க பக்கம் குழந்தைங்களயும் "வாங்க கண்ணு, சாப்பிட்டீங்களா"ன்னுதான் கொஞ்சுவோம். லேட்டா போன அந்த வீட்டுல அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன், அவன்கிட்ட வூ போட்டுப் பேசினேன். அவன் திரும்பிப் பின்னாடி பாத்தான், வேற யாராவது நிக்கிறாங்களான்னு. வூ-வுக்கு நிறைய பேருங்கிற அர்த்தமும் உண்டுல்ல. அவங்கம்மா சிரிச்சு, குழந்தைக்கு த்யூ போதும்னு சொல்லிக் குடுத்தாங்க. பெரியவங்கள்ல யாருக்கு எதுன்னு சந்தேகம் வந்தா வூ-லயே நில்லுங்க, த்யூ சொல்லலாம்னு அவங்களா சொல்வாங்க.

அதே வீட்டுல இன்னொரு நாள் நைட்டு சாப்பாடு. எனக்காகவே கறி இல்லாம ஒரு கிராத்தான் செஞ்சிருந்தாங்க, பாலும் க்ரீமும் சீஸும் ஊறி அவ்வளவு ருசி. இன்னும் கொஞ்சம் போடவான்னு கேட்டாங்க, ஆசையா "மெர்சி"ன்னேன். பாத்திரத்த எடுத்துட்டுப் போயிட்டாங்க. சாப்பாடு வேணுமான்னு கேக்கறப்ப வெறும் மெர்சின்னா அங்க பெரும்பாலும் போதும்னுதான் அர்த்தம் ஆகுது, வேணும்னா "வீ, வோலோந்தியே"ன்னு சொல்லணும். சரி போகட்டும்னு, கடைசில வயிறு நெறஞ்சுதுன்னு சொல்லலாம்னு இங்கிலீஷ்ல இருந்து அப்படியே மாத்தி "ஜ சுவி ப்ளேன்"னேன். டேபிள்ல ஒரு நொடி சத்தமே இல்ல. பையனோட பாட்டி வாய மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க. பொம்பளைங்க அப்படிச் சொன்னா அது மாடு, ஆட்டுக்குச் சொல்றது. தமிழ்ல அதுக்குச் சரியா ஒரு வார்த்தை இருக்கு, நான் சாப்பாட்டு மேஜைல உக்காந்துக்கிட்டு "நான் சினையா இருக்கேன்"னு சொல்லியிருக்கேன். "ஜே பியேன் மான்ஜே", நல்லா சாப்பிட்டேன், அத மட்டும் சொன்னா போதுமாம். நம்மளும் விருந்து வீட்டுல அதத்தானே சொல்வோம், தமிழ்ல இருந்து மாத்தியிருந்தா தப்பே வந்திருக்காது, இங்கிலீஷ் வழியா சுத்திப் போனதாலதான் வந்துச்சு. இத அதுக்கப்புறம் நிறைய இடத்துல கவனிச்சேன், மனசுல இங்கிலீஷ் வாக்கியம் போட்டு மாத்தினா உதை, தமிழ்ல எப்படிச் சொல்வோம்னு யோசிச்சா பாதி நேரம் சரியா போய் உக்காருது.

நம்பர் பத்தி சுருக்கமா. எழுபதுக்கு அறுபது பத்து, எண்பதுக்கு நாலு இருபது, தொண்ணூறுக்கு நாலு இருபது பத்து. போன் நம்பர் ரெண்டு ரெண்டா சொல்வாங்க, "சுவாசாந்த்"னு கேட்டதும் 60ன்னு எழுதிடுவேன், அடுத்து "தீசெத்"னு வரும், 17ன்னு எழுதுவேன், அவங்க சொன்னது 77. பத்து இலக்கம் இருக்க வேண்டிய இடத்துல பதினாலு இருக்கும். சுவாசாந்த்னோ, நாலு இருபதுக்கு வர்ற காத்ர வேன்னோ கேட்டா உடனே எழுதாம ஒரு மூச்சு நிறுத்துங்க. இது என்ன கணக்குன்னு நான் அலுத்துக்கிட்டப்ப, உங்க மொழில எப்படின்னு கேட்டாங்க, ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம்னு சொன்னேன், தொண்ணூறுல நூறு எதுக்கு, தொள்ளாயிரத்துல ஆயிரம் எதுக்குன்னு கேட்டாங்க, என்கிட்ட பதில் இல்ல. ட்ரெயின் ஏறி ஜெனீவா போனா எழுபதுக்கு செப்தாந்த், தொண்ணூறுக்கு நோனாந்த்னு நேரா சொல்றாங்க, அங்க கடைல சில்லறை எண்ணறப்ப அவ்வளவு நிம்மதி.

சாப்பாட்டுல நம்ம சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "சான் வியான்த்", கறி இல்லாமன்னு மட்டும் சொன்னா மீன் வரும், சாலட்ல லார்தோன்னு பன்றிக்கறித் துண்டு வரும், அது ஒரு அலங்காரம் மாதிரிதான் அவங்களுக்கு. லியோன் சாலட்னா முட்டையும் லார்தோனும் சேர்ந்ததுதான். "ஜ ந மான்ஜ் நி வியான்த், நி புவாஸோன், நி லார்தோன்"னு மூணையும் பேரு சொல்லிச் சொல்லுங்க, அந்த புவாஸோன்ல பழம் ப.

இவ்வளவு உஷாரா இருந்ததுல ஒரு நல்லத விட்டுட்டேன். பூஷோன்னு சொல்ற லியோன் சாப்பாட்டுக் கடைங்கள்ல எல்லாம் மெனுவுல "செர்வெல் த கான்யூ"ன்னு ஒண்ணு இருக்கும். போன்ல அர்த்தம் பாத்தேன், செர்வெல்னா மூளை. ஆட்டு மூளையோ என்னவோன்னு ஆறு வாரம் அந்தப் பக்கமே பாக்கல. அது என்ன தெரியுமா, கெட்டித்தயிர் மாதிரி இருக்கற ஃப்ரெஷ் சீஸ், அதுல சின்ன வெங்காயம் மாதிரி எஷலோத், பூண்டு, வெங்காயத்தாள் மாதிரி ஒரு தழை, கொஞ்சம் எண்ணெய், வினிகர். நம்ம தயிர்ப்பச்சடிக்கு அக்கா தங்கச்சி. மூளைங்கிறது பேருதான். கான்யூன்னா யாருன்னு கேட்டேன். பட்டு நெய்யறவங்களாம்.

அந்த வார்த்தைய கேட்டதும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா நான் சென்னிமலை, எங்க வீட்டுல தறி. அப்பா இன்னும் பெட்ஷீட் ஓட்டறாரு. நெசவு சத்தத்துல தூங்கி எந்திரிச்சு வளந்தவ, ஒரு நெசவாளர் ஊருக்கு வந்து ஆறு வாரமா அது நெசவாளர் ஊருன்னு தெரியாமலே இருந்திருக்கேன். எங்க பக்கத்துல டிசைன் போடறதுக்கு தறிக்கு மேல மாட்டற ஜக்கார்டு பெட்டி, ஓட்டை போட்ட அட்டை வரிசையா தொங்கும், அந்த ஜக்கார்டுங்கிறது ஒரு மனுஷன் பேரு, அவரு இந்த லியோன்ல பொறந்தவரு, 1804ல அந்தத் தறிய செஞ்சவரு. நான் ஆபீஸ்ல "ஜக்கார்டு, ஜக்கார்டு"ன்னு கேட்டேன், ஒருத்தருக்கும் புரியல. எழுதிக் காட்டினப்புறம் "ஆ, ஜக்கார்!"னாங்க. கடைசி எழுத்து சத்தம் போடாது. பிரெஞ்சுல கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் அப்படித்தான், எழுத்துல நிக்கும், வாயில வராது. பொறந்ததுல இருந்து சொல்லிட்டு இருந்த வார்த்தைய அன்னைக்குத்தான் திருத்திக்கிட்டேன். (பீரோவும் அவங்க வார்த்தைதான், அங்க அதுக்கு மேஜை, ஆபீஸ்னு அர்த்தம், "நான் ப்யூரோல இருக்கேன்"னு மெசேஜ் வந்தா பீரோவுக்குள்ள ஒரு ஆள் உக்காந்திருக்க மாதிரியே தோணும்.)

அடுத்த ஞாயித்துக்கிழமையே கிளம்பிட்டேன். ஏ லைன் மெட்ரோல ஒத்தேல் த வீல், அங்க இருந்து சி லைன், அது மேட்டுல ஏறறதுக்கு பல்சக்கரம் வச்ச மெட்ரோ, க்ருவா ரூஸ்ல எறங்கினா அங்க ஜக்கார்டுக்கே சிலை. தெருவுல இருக்கற பழைய வீடெல்லாம் கூரை நாலு மீட்டர் உயரம், தறி உள்ள நிக்கணும்ல. இந்த நெசவாளிங்க கூலிக்காக 1831லயும் 1834லயும் போராட்டம் பண்ணி துப்பாக்கிக்கு நெஞ்சு காட்டினவங்க. மேசோன் தே கான்யூன்னு ஒரு இடத்துல இன்னும் தறி ஓட்டிக் காட்டறாங்க. உள்ள போனதும் போன்ஜூர் சொன்னேன். ஓட்டிக் காட்டினவரு கைல நாடாவ, அதாவது தறில குறுக்கு நூல கொண்டு போற கட்டைய, எடுத்து "லா நவெத்"னாரு. எனக்கு நவெத்னா ஏர்போர்ட்ல பாத்த ஷட்டில் பஸ் போர்டு. எத்தனை மணிக்குன்னு கேட்டேன். பக்கத்துல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவரு நாடாவ தூக்கிக் காட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போயிட்டு போயிட்டு வருதுல்ல, அதனால பஸ்ஸுக்கும் அதே பேருன்னு கையாலயே வெளக்கினாரு.

அப்புறம் ஓட்டினாரு. இங்க பிஸ்தான்க்ளாக்னு அந்தச் சத்தத்துக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க. கண்ண மூடினா எங்க வீடு. அட்டை எறங்கறது, நூல் பிரியறது, நாடா பாயறது, பலகை அடிக்கறது, எல்லாம் அதே வரிசை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, அவரு பாத்துட்டாரு. ஓட்டறத நிறுத்திட்டு, நெசவுதான் உங்க "மெத்தியே"வான்னு கேட்டாரு. தறி மேல போர்டுல மெத்தியேன்னு எழுதியிருந்துச்சு, அதனால மெத்தியேன்னா தறின்னு நான் எடுத்துக்கிட்டிருந்தேன், இது உங்க தறியான்னு ஏன் கேக்கறாருன்னு தெரியாம, "இல்ல, எங்கப்பாவோட மெத்தியே"ன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துடுச்சு. எனக்கு இன்னும் சொல்லணும்னு இருந்துச்சு, "எங்க வீட்டுல ரெண்டு மெத்தியே இருக்கு"ன்னேன். அப்படியா, இன்னொண்ணு என்னன்னாரு. இதென்ன கேள்வி, ரெண்டும் தறிதானேன்னு எனக்குப் புரியல. அங்க மெத்தியேன்னா தறியும்தான், தொழிலும்தான்னு வெளில வந்து போன்ல பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த நேரத்துல நான் அவரு உக்காந்திருந்த தறிய கைய காட்டி, "இது. இதுவும் இதுவும்"னேன். அவரு என்னைப் பாத்தாரு, தறியப் பாத்தாரு, சத்தமா சிரிச்சாரு, "இதுவும் இதுவும்"னு தானும் ஒரு தடவ சொல்லிட்டு மறுபடி நாடாவ விட்டாரு.